இரண்டாவது பைக்கு முன்னால்

உள்ளே போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாது. வெளியே வரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடும். கையால் பிடித்தவர் உலகத்தில் யாருமில்லை; ஆனாலும் அதைப் பிடிப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் மாடியில், சுவரோரம் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த போக்குவரத்து ஏட்டு மயில்சாமியைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பார்: மூச்சு. அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ரோட்டை மறித்துத் தடுப்பு வைத்து, வருகிற வண்டியை ஓரங்கட்டி, குடித்திருக்கிறானா என்று பார்க்கும் மெஷினை, வண்டி ஓட்டி வந்தவனின் வாய்க்கு நேரே நீட்டி, "ஊது" என்பார். எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாரோ. இன்றைக்கு அதே வார்த்தையை வெள்ளைக் கோட்டுப் போட்ட ஜெனிட்டா என்கிற பெண் சொன்னாள், அதுவும் எவ்வளவு பதமாக. "ஊது தங்கம், மெதுவா, நீளமா, கேக்குல மெழுகுவத்தி அணைப்பியே, அது மாதிரி." ஊத வேண்டியது எட்டு வயது தன்ஷிகா. முதலில் நீலப் பையில் ஒரு மூச்சு. பிறகு எலுமிச்சம்பழம் மாதிரி புளிக்கிற மருந்துத் தண்ணீர். பிறகு அரைமணி நேரம் ஓடாமல், எதையும் தின்னாமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியாக ரோஸ் பையில் இன்னொரு மூச்சு. வயிற்றில் கிருமி இருந்தால் அது அந்த மருந்தை உடைத்துவிடுமாம்; உடைந்தது மூச்சோடு கலந்து வெளியே வருமாம்; இரண்டு பைகளையும் மெஷினில் மாட்டினால் வித்தியாசம் தெரிந்துபோகுமாம். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. நீலப் பை ஆயிற்று, மருந்தும் குடித்தாயிற்று. அந்த அரைமணி நேரத்துக்குள்தான் இப்போது இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தன்ஷிகா நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள், கால் தரைக்கு எட்டவில்லை. அவள் மடியில் சின்ன ஹெல்மெட். மயில்சாமியின் மடியில் பெரிய ஹெல்மெட்.

இது சரியாக அமைந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று மயில்சாமி நினைத்தார். நாலைந்து மாதமாகவே பிள்ளைக்கு வயிற்றுவலி. சாப்பிட உட்கார்ந்தால் ரெண்டு வாய்க்குமேல் இறங்குவதில்லை, தொப்புளுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். டாக்டர் நல்ல மனுஷன், நிதானமாகத்தான் பேசினார். ஊதிப் பார்க்கலாம், அதில் சரியாகத் தெரியவில்லை என்றால் வாய் வழியாக ட்யூப் விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். ட்யூப் என்று அவர் சொன்ன உடனே மயில்சாமிக்குத் தன் பழைய கதை ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், ஓட்டல் சாப்பாடே கதி என்று கிடந்த நாளில், அவருக்கும் வயிற்றில் புண் வந்து அந்தக் கறுப்பு ட்யூபை விழுங்க வைத்தார்கள். இவ்வளவு பெரிய உடம்பு, கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் கொட்டியது. வாயில் ஒரு வளையத்தை மாட்டி விட்டிருந்தார்கள், கத்தக்கூட முடியாது. அந்த வளையம் இந்த வாய்க்கு எப்படிப் பொருந்தும், சின்னப் பிள்ளைகளுக்கென்று சின்ன வளையம் வைத்திருப்பார்களா, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள் என்றாள் அவர் மனைவி பூங்கொடி, ஆனால் மயங்கும்வரைக்கும் பிள்ளை யார் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்? பூங்கொடி வந்தால் பூங்கொடியின் கையை. இன்றைக்கு மாதிரி பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற சிப்மென்ட் நாள் என்று லீவு கொடுக்காமல் விட்டுவிட்டால்? அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பெரிய கை. வாகனங்களை நிறுத்துகிற கை. இந்தக் கையைத் தூக்கி எதிர்ப்பட்ட லாரியையெல்லாம் நிறுத்தி, பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பியபோது அதில் இவளும் ஒருத்தியாகக் கடந்து போயிருக்கிறாள், அப்போது யாரென்றே தெரியாது. நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள் சில பிள்ளைகள். இவள் சொன்னாளா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வருவதில்லை.

பூங்கொடியைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. தன்ஷிகா அவளுடைய முதல் கல்யாணத்துப் பிள்ளை. பெற்ற அப்பன் இவள் நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். வீட்டில் சண்டை கிடையாது, அழுகை கிடையாது. கேட்டால் பதில் சொல்வாள், கூப்பிட்டால் வருவாள், "நீங்க" என்று மரியாதையாகப் பேசுவாள். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் அவள் மயில்சாமியிடம் எதையும் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டால் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் நீட்ட மாட்டாள், அம்மா வேலை முடிந்து வரும்வரை பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாகத்தோடு இருப்பாள். அவராக வாங்கித் திறந்து கொடுத்தால் குடிப்பாள். கேட்க மட்டும் மாட்டாள். பென்சில் வேண்டுமா, பலூன் வேண்டுமா, ஐஸ்கிரீம் வேண்டுமா என்று அவர்தான் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். விசாரணை என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பிள்ளை பார்க்குமே என்று மீசையைத் தடவிக்கொண்டார். பிள்ளை பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு முருங்கை மரத்தைத் தலைகீழாக நட்டு வைத்தது மாதிரி ஒரு படம்.

நீலப் பைதான் அவர் மனசில் முள் மாதிரி உறுத்தியது. மூச்சை இழுத்துக் கொஞ்சம் அடக்கி அப்புறம் ஊது என்று ஜெனிட்டா சொல்லிக்கொடுத்தாள். தன்ஷிகா தலையை ஆட்டினாள், குழலில் வாயை வைத்தாள், இரண்டு கன்னமும் உப்பிற்று, பை மட்டும் உப்பவில்லை. மறுபடியும். கன்னம் சிவந்தது, பை சப்பையாகவே கிடந்தது. "உன் பலம் அவ்வளவுதானா தங்கம், வீட்ல சோறே போட மாட்டாங்களா?" என்று சிரித்த ஜெனிட்டா, இவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க போலீசுங்களா? அந்த ஷூவைப் பார்த்தாலே தெரியுது. நீங்க பார்த்தா பாப்பாவுக்கு மூச்சே வரல. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றாள். திரும்பி நின்றார். வகுப்பில் தண்டனை வாங்கியவன் மாதிரி காலண்டரைப் பார்த்து நின்றார். அப்புறம்தான் பை நிரம்பியது, அதுவும் முக்கால்வாசி. போதும் என்றாள் ஜெனிட்டா. ஆக, பிள்ளைக்குத் தன்னைப் பார்த்து பயம். ஒரு வருஷம் ஆகியும் பயம். இருக்கட்டும், ரோஸ் பைக்கு வெளியே போய் நின்றுகொள்ளலாம், படியில் இறங்கித் தெருவுக்கே போய் நின்றாலும் சரி. ஆனால் பயந்த பிள்ளை ஊதாமல் அல்லவா நிற்கும். கன்னத்தை உப்புமா? கன்னத்தை உப்பிவிட்டுக் காற்றை உள்ளேயே வைத்துக்கொள்வது பயத்தில் வருவதில்லையே. அது ஒரு வித்தை. அது அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

தடுப்பண்டை எத்தனை கன்னங்களைப் பார்த்திருக்கிறார். ஊதுகிற மாதிரி உப்புகிறவன், ஊதச் சொன்னால் உள்ளே இழுக்கிறவன், உதட்டோரமாகக் காற்றை விட்டுவிட்டு மெஷின் ரிப்பேருங்க என்கிறவன். கிராம்பை மெல்கிறவன், கொத்தமல்லித் தழையைக் கட்டோடு வாயில் திணித்துக்கொண்டு வருகிறவன். ஒரு தடவை ஒரு பெரியவர், மகன் ஓட்டிவந்த காரை நூறடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கிவந்து ஓட்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். "நாந்தானுங் ஓட்டுனேன்." மகன் இடம் மாறிப் பின்சீட்டில் கண்ணை மூடிக் கிடக்கிறான், காருக்குள் ஒரே வீச்சம். "நானே பார்த்தனே பெரியவரே." "இல்லீங், நாந்தான். எனக்கு வையுங் மெஷினை." அப்பன் ஊதினார், சுத்தமான மூச்சு, மெஷினில் ஒன்றுமே காட்டவில்லை, அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. போலீஸ்காரர்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். மயில்சாமியும் சிரித்தார். எதற்குச் சிரித்தோம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. மெஷினுக்கும் முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும், அதுதான் விஷயம். பீடி, வெற்றிலை, காலையில் தின்ற வெங்காயம், ஒன்றுமே தின்னாத வயிறு. ஒன்றும் தின்னாதவன் மூச்சுக்கும் ஒரு வாசம் உண்டு, லேசாகப் புளித்த, காலியான பாத்திரத்துக்குள் முகத்தை விட்டது மாதிரி ஒரு வாசம். லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் வருவார்கள். அவர்களிடம் மட்டும் முன்னால் கடை இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்பார். பசி வாசம். பசி வாசம் என்று நினைத்ததும் ஏதோ ஒன்று கால்சட்டை ஆணியில் மாட்டியது மாதிரி நின்றது. என்ன அது? விட்டுவிட்டார்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தானே நடந்தது. பூங்கொடி விடியுமுன்பே கம்பெனி வேனில் போய்விட்டாள். போகும்போது, "ஒண்ணும் குடுத்துராதீங்க, வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க" என்று ரெண்டு தடவை சொன்னாள். அவர்தான் எழுப்பினார், தலைவாரிவிட்டார், ரெட்டைப்பின்னல் வராமல் ஒரே குதிரைவாலாகக் கட்டினார், அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவர் கீழே போய் வண்டியைத் துடைத்தார். பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டு கொஞ்சம் தாமதமாக இறங்கி வந்தது. அப்புறம் ஹெல்மெட். அந்த நேரம் அவருக்குப் பிடித்த நேரம். குனிந்து, தாடைக்குக் கீழே பட்டையை மாட்டும்போது மட்டும் அந்த முகம் அவர் முகத்துக்குப் பக்கத்தில் வரும். தலையை நிமிர்த்திக் கழுத்தைக் காட்டிக்கொண்டு, தோல் பட்டைக்குள் சிக்கிவிடுமோ என்று கண்ணை இறுக மூடிக்கொள்ளும். இன்றைக்கு அப்படி மூடிக்கொண்டு மூச்சு விட்டபோது இளம் பால் வாசம் அடித்தது. பிள்ளைகள் என்றால் இப்படித்தான் மணக்கும்போலிருக்கிறது என்று நினைத்தார். பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாதவர், யார் வீட்டிலாவது கைக்குழந்தையைத் தூக்கியபோது அடித்த வாசம் அது, அதேதான். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உதட்டோரத்தில் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது, கட்டைவிரலால் துடைத்துவிட்டார். பாலும் பவுடருமாக அந்த வாசம் வழி நெடுக, புஷ்பா தியேட்டர் சிக்னல் வரைக்கும், அவர் மூக்கிலேயே நின்றது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

பவுடர். பவுடரை யார் போட்டுவிட்டது? பூங்கொடி விடியுமுன்பே போய்விட்டாள். அவர் போடவில்லை, பவுடர் போட வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. பவுடர் டப்பா பீரோவின் மேலே இருக்கிறது, பிள்ளைக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறியிருக்கலாம். ஸ்டூல் போட்டு ஏறிப் பவுடர் போட்டுக்கொள்கிற பிள்ளை முகமெல்லாம் அல்லவா போட்டுக்கொள்ளும், உதட்டோரத்தில் மட்டுமா? ரோட்டில் ஓசை. யாரோ ஹாரனை விடாமல் அழுத்துகிறான், பஸ்ஸாகத்தான் இருக்கும். உதட்டோரத்தில் வெள்ளை. எட்டு வயசுப் பிள்ளைக்குப் பால் வாசம் அடிக்குமா? முந்தாநாள் ஹெல்மெட் மாட்டியபோது என்ன வாசம்? இட்லி, பற்பசை. அதற்கு முன்னால்? பால் வாசம் அடித்ததில்லை. விடியற்காலை டியூட்டிக்குப் போகும் நாளில் டீ போட்டுக்கொள்ள அவர்தான் ஒரு பால்பவுடர் டப்பா வாங்கி அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார். அது எட்டும். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையிடம் அடிக்க வேண்டிய வாசம் அவருக்குத் தெரியும், லாரிக்காரர்களிடம் தினமும் முகர்கிற வாசம். அது அடிக்கவில்லை. முகத்துக்கு முகம் குனிந்து, மூக்கை வைத்துப் பிழைக்கிற மனுஷன், முகர்ந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் துடைத்துவிட்டுக் கூட்டி வந்திருக்கிறார். பசி பொறுக்காமல் ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறது பிள்ளை. இந்த வயிற்றுக்குப் பசித்ததே பெரிசு. இன்னொரு நாளாக இருந்தால் டப்பாவையே கையில் கொடுத்திருப்பார். இன்றைக்குப் போய். வயிற்றில் அது கிடந்தால் மெஷின் தப்பாகச் சொல்லுமோ, குழப்பமாகச் சொல்லுமோ, சரியாகத் தெரியவில்லை என்று டாக்டர் பேனாவை மூடுவார், அப்புறம் கறுப்பு ட்யூப், வளையம், இரும்புக் கம்பி. சொல்லிவிட வேண்டும். எழுந்து போய் ஜெனிட்டாவிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? எழுந்திருக்கவில்லை. பிள்ளை எதிரில் போலீஸ்காரன் போய்க் காட்டிக்கொடுக்கிறான், அதுதானே ஆகும். அப்புறம் கழுத்தை நிமிர்த்திக் காட்டுமா ஹெல்மெட்டுக்கு?

"அந்தப் பை எல்லாத்தையும் கண்டுபுடிச்சிருமா?" என்றாள் தன்ஷிகா. நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, ஆனால் அறையில் வேறு யாருமில்லை.

"எதைக் கண்ணு?"

"குடிச்சா மட்டுந்தான் தெரியுமா? தின்னாலும் தெரியுமா? ஃபைன் போடுவாங்களா?" என்றாள்.

அடப் பாவமே, இதுவா? பொங்கலன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பிள்ளையைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து அவர்தான் அளந்தார். நம்ம மெஷின்கிட்ட ஒருத்தனும் தப்ப முடியாது கண்ணு, ஊதுனாப் போதும், காலைல தின்ன இட்லி வரைக்கும் சொல்லிப்போடும். கன்னத்தை உப்பி ஏமாற்றுகிறவர்களை நடித்துக்கூடக் காட்டினார். பிள்ளை சிரித்தது, அதைப் பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனார். அது எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, இன்றைக்கு அந்த நீலப் பையின் முன்னால் அவர் காட்டிய வித்தையையே அவருக்குக் காட்டியிருக்கிறது. அவரைப் பார்த்து பயமில்லை. பயம்தான், ஆனால் அந்த பயமில்லை. பிடிபடுகிற பயம். அதுவும் அவர் கையால். எத்தனை பேர் பிடிபட்டிருக்கிறார்கள் அவர் கையால், ஒருத்தர் முகம்கூட ஞாபகமில்லை.

"இது நம்ம மெஷின் இல்ல கண்ணு" என்றார். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினார். "இது யாரையும் புடிக்காது. உன் வயித்துல பூச்சி இருக்குதா, இல்லையா, அதை மட்டும் பாக்கும். நீ பால்பவுடர் தின்னியா, மிட்டாய் தின்னியான்னு இதுக்குத் தெரியவே தெரியாது."

பால்பவுடர் என்றதும் தன்ஷிகாவின் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. ஹெல்மெட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஸ்பூன்தான்" என்றாள்.

"ஒரு ஸ்பூன்ல என்ன ஆகப்போவுது. நான் டப்பாவுல விரலை விட்டே நக்குவேன்."

சிரிக்கவில்லை. ஆனால் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு கண்ணு. அந்தப் பைக்குத் தெரியாததுதான் இப்ப பிரச்சனை. வயித்துல ஒண்ணுமில்லைன்னு நெனச்சுட்டு அது கணக்குப் போடும், தப்பாப் போயிரும். அப்புறம் அந்த ட்யூப் இருக்குதல்ல, அதைப் போட்டுப் பாக்கோணும்பாங்க. அதனால அந்த அக்காகிட்ட சொல்லித்தான் ஆகோணும். இன்னைக்கு ஊத வேண்டாம், அடுத்த வாரம் வாங்கம்பாங்க. மறுபடியும் பசியோட வரோணும், மறுபடியும் அந்தப் புளிப்புத் தண்ணி. அவ்வளவுதான். அடிக்க மாட்டாங்க, ஃபைன் கிடையாது."

"திட்டுவாங்களா?"

"கொஞ்சம் திட்டுவாங்க" என்றார் மயில்சாமி. பொய் சொல்ல மனசு வரவில்லை. "சோலி கெட்டுப்போச்சுல்ல, யாரா இருந்தாலும் கொஞ்சம் திட்டுவாங்க."

உள்ளறையில் நாற்காலி நகர்கிற சத்தம். ஜெனிட்டா கதவிடுக்கில் தலையை நீட்டி, "தங்கம் சமர்த்தா உக்காந்திருக்குதா? இன்னும் கொஞ்ச நேரந்தான், அக்கா பையை ரெடி பண்றேன்" என்று சொல்லிவிட்டு மறைந்தாள். அவள் கையில் ரோஸ் பை பளபளவென்று தெரிந்தது. அது உப்பாமல், ஒரு சுருக்கமுமில்லாமல், யாருடைய மூச்சுக்கோ காத்துக்கொண்டிருந்தது. மயில்சாமிக்கு, காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்ட அந்தப் பெரியவரின் முகம் திடீரென்று தெளிவாக ஞாபகம் வந்தது. கழுத்தில் துண்டு. மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. எனக்கு வையுங் மெஷினை.

"மூணு வழி இருக்குது கண்ணு" என்றார். "நீயே போய்ச் சொல்லலாம், நான் பக்கத்துல நிப்பேன். இல்லாட்டி, பாப்பா தெரியாம சாப்பிட்டுருச்சுங்கன்னு நான் போய்ச் சொல்றேன், நீ இங்கயே உக்காந்துக்க. இல்லையா, நாந்தான் மறந்துபோய்க் குடுத்துட்டேன்னு சொல்லிப்போடறேன். திட்டெல்லாம் எனக்கு, அம்மா திட்டறதும் எனக்கே. எது வேணுமோ நீ சொல்லு."

தன்ஷிகா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். நுரையீரல் படத்தைப் பார்த்தாள். அப்புறம் அவருடைய ஷூவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பால்பவுடரை அவர்தான் கொடுத்தார் என்று அக்காவிடம் சொல்லும்படி அவரிடம் கேட்டாள்.